சக்கரக் கட்டைக்குக் காவல் இருந்த அம்மா

அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவுகளே, நண்பர்களே! சாப்பிட்டுக் கை கழுவியதும் இந்தச் சிறு மலர் உங்கள் கைக்கு வரும். அட்டைப் படத்தைப் பார்த்து ‘உச்’ கொட்டிவிட்டுப் பையில் செருகிக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் செய்திருக்கிறேன். இந்த ஒரு மலரை மட்டும் தயவுசெய்து கடைசி வரை படித்துவிடுங்கள். அம்மா ஒரு செய்தியை இதில் போடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது அப்பாவைப் பற்றியது.

அப்பா எப்படி இறந்தார் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். “கட்டைய வெக்க மறந்துபோட்டான், பொண்டாட்டி புள்ளைகளை நடுத்தெருவுல உட்டுப்போட்டான்” என்று கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் பேசியதை நாங்கள் பந்தியில் உட்கார்ந்துகொண்டே கேட்டிருக்கிறோம். அப்பாவின் மேல் ஒட்டிக்கிடக்கும் அந்தப் பழியை எடுக்கத்தான் இதை எழுதுகிறேன். தம்பிக்கு முதலில் இதில் சம்மதமே இல்லை. “நினைவு மலர்ல போயி இதெல்லாமா எழுதுவாங்க? நாலு நல்ல வார்த்தை போட்டுட்டு உடுக்கா” என்றான். நல்ல வார்த்தையும் எழுதுகிறேன். அம்மாவைப் பற்றி எழுத நல்ல வார்த்தைக்கா பஞ்சம்?

அம்மா தாராபுரத்துக்குத் தெற்கே, ஆற்று வாய்க்கால் எட்டாத மேட்டுக்காட்டுக் குடும்பம் ஒன்றில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தார். மூன்றாவதும் பெண் என்று கேள்விப்பட்டதும் தாத்தா தொட்டிலை எட்டிக்கூடப் பார்க்காமல் காட்டுக்குப் போய்விட்டாராம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்கிற எங்களுக்குச் சிரிப்பு வராது. கிணறு வற்றிய வருடம் படிப்பை நிறுத்தி, பஞ்சாலை விடுதி ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு பாவாடையும் ஒரு தகரப் பெட்டியுமாகப் போனவர், கல்யாணத்துக்குத்தான் வெளியே வந்தார். பஞ்சுத் தூசி அங்கேதான் அவர் நெஞ்சில் குடியேறியது. கடைசியில் உயிரை வாங்கியதும் அதுதான்.

அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை. மூடிப்போன பழைய பஞ்சாலை ஒன்றின் வளாகத்தைத் தொழில் அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். உள்ளே பழைய நூற்பு இயந்திரங்கள், பம்புகள், கொதிகலன் எல்லாம் உண்டு. ஆனால் கூட்டம் வருவது குட்டி ரயிலுக்குத்தான். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அது நேரோ கேஜ் பாதை. நடுவில் ஒரு ஆள் காலை அகட்டி நின்றால் இரண்டு தண்டவாளத்தையும் மிதித்துவிடலாம், அவ்வளவு குறுகல். ஒரு காலத்தில் சர்க்கரை ஆலையில் கரும்பு இழுத்த சின்ன டீசல் எஞ்சின், பின்னால் மூன்று திறந்த பெட்டிகள். பெட்டிகளுக்கு மர வேலை செய்தவர் கோட்டைமேட்டுத் தச்சர் ஒருவர். நாங்கள் அவரை ‘பாய் மாமா’ என்றே கூப்பிட்டு வளர்ந்தோம்.

ஸ்டேஷன் லேசான சரிவில் இருக்கிறது. மேல் பக்கம் எஞ்சின் ஷெட், கீழ்ப் பக்கம் வளைந்து இறங்கினால் குளம். அதனால் எஞ்சினைக் கழற்றிப் பெட்டிகளைத் தனியாக நிறுத்தினால், கடைசிப் பெட்டியின் சக்கரத்துக்குக் கீழ்ப் பக்கமாக இரண்டு கட்டைகளை ஆப்பு மாதிரி செருகி வைக்க வேண்டும். கை பிரேக் உண்டு. நிற்கிற பெட்டியை அது பிடித்து வைக்கும். எஞ்சின் வந்து இடித்தால் தாங்காது. கட்டை வைப்பதும் எடுப்பதும் கொக்கி மாட்டுவதும் அப்பாவின் வேலை. பாய் மாமா வேல மரத்தில் இழைத்துக் கொடுத்த கட்டைகள் அவை.

இப்போது அப்பா இறந்த அந்த ஆயுத பூஜை நாளுக்கு வருகிறேன். நம் பக்கத்து ஆட்களுக்கு ஆயுத பூஜையைப் பற்றி நான் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. லேத், தறி, லாரி, மோட்டார் என்று ஒன்றையும் விட மாட்டோம். ஸ்பேனரிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வரை கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துச் சாமிக்கு முன்னால் அடுக்குவோம். அடுக்கியதை மறுநாள் வரை யாரும் தொடக் கூடாது. சர்க்கார் சட்டத்தை மீறுகிறவர்கள்கூட இதை மீற மாட்டார்கள்.

அன்று ஊழியர்களின் குடும்பங்களையெல்லாம் அருங்காட்சியகத்துக்கு அழைத்திருந்தார்கள். பூஜை முடிந்ததும் எல்லோரையும் ரயிலில் ஏற்றி ஒரு சுற்றுக் காட்டுவது வழக்கம். எஞ்சினை மட்டும் ஷெட் வாசலுக்குக் கொண்டுபோய் வாழைக்கன்று கட்டிச் சந்தனம் பூசியிருந்தார்கள். பெட்டிகள் ஸ்டேஷனிலேயே நின்றன. பெண்களும் பிள்ளைகளும் முன்கூட்டியே ஏறி இடம் பிடித்துவிட்டோம். கடைசிப் பெட்டியில் அம்மா, அவர் மடியில் கைக்குழந்தையாகத் தம்பி, பக்கத்தில் பட்டுப் பாவாடையும் பொரிப் பொட்டலமுமாக நான்.

பூசணிக்காய் உடைத்தார்கள். எஞ்சின் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் பின்னோக்கி வந்தது. அப்பா முதல் பெட்டியின் முனையில் கொக்கி மாட்டத் தயாராக நின்றார். எஞ்சின் வந்து தொட்டது, கொக்கி விழவில்லை. அந்த இடியில் பெட்டிகள் மூன்றும் நகர்ந்தன. ரயில் கிளம்பிவிட்டது என்று பிள்ளைகள் எல்லோரும் கை தட்டினோம்.

அப்பா மட்டும் ஓடி வந்தார். “கட்டை! கட்டை எங்க?” என்று அவர் கத்தியதுதான் நான் கேட்ட அவருடைய கடைசிக் குரல். அம்மாவின் கை என் தோளை நசுக்கியது. பெட்டிகள் இறங்க இறங்க வேகம் கூடியது. குளத்துக்கு முன்னால் ஒரு நடைபாதை தண்டவாளத்தைக் கடக்கிறது. அப்பா வளைவைக் குறுக்கே வெட்டி ஓடி, அங்கே கிடந்த கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்கு முன்னால் போட்டார். முதல் கல் தெறித்துப் போனது. இரண்டாவது கல்லைக் குனிந்து வைக்கும்போது கால் இடறியது. முன்னால் உருண்டது நாங்கள் உட்கார்ந்திருந்த பெட்டி. பெட்டி நின்றுவிட்டது. பிள்ளைகள் ஒருவருக்கும் பெரிய அடி இல்லை. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன்.

கட்டைகள் எங்கே என்று பிறகு தேடியபோது, இரண்டும் சாமி படத்துக்கு முன்னால் இருந்தன. கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமுமாக, மற்ற ஆயுதங்களோடு வரிசையில் இருந்தன.

கட்டைக்குப் பொறுப்பு அப்பா. ஆகவே அவர்தான் எடுத்துப் பூஜையில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் காலையிலிருந்தே வைக்காமல் விட்டிருக்க வேண்டும். எப்படியும் கவனக்குறைவு அவருடையது என்று விசாரித்தவர்கள் முடித்துவிட்டார்கள். துக்க வீட்டிலேயே எங்கள் பெரியப்பா, “எந்த வேலைக்குப் போனாலும் இவனுக்குக் கவனம் பத்தாதுன்னு அன்னைக்கே சொன்னேன்” என்றார். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதிர்ச்சி என்று நினைத்தோம்.

அருங்காட்சியகத்தார் இரக்கப்பட்டு அம்மாவுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ரயில் வரும்போது நடைபாதையில் ஆட்களை நிறுத்திப் பச்சைக் கொடி காட்டும் வேலை. அது அப்பா விழுந்த அதே இடம். யோசித்துத்தான் கொடுத்தார்களா, யோசிக்காமல் கொடுத்தார்களா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அம்மா மறுக்கவில்லை. அந்த இடத்தில் மட்டும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு வெயிலில் நிற்பார். பக்கத்தில் ஏதோ கோயில் இருக்கிறது என்று நினைத்துச் சில பார்வையாளர்களும் செருப்பைக் கழற்றுவார்கள். ரயிலில் அவர் மறுபடி ஏறவே இல்லை.

வேலையில் அவர் வாய் பொல்லாதது. பள்ளிப் பிள்ளைகள் பெட்டிக்கு வெளியே தலை நீட்டினால், கூட்டி வந்த வாத்தியாருக்குத்தான் அர்ச்சனை விழும். “ஏனுங்க வாத்தியாரே, எண்ணிக் கூட்டியாந்தீங்கல்ல? எண்ணிக் கூட்டிட்டுப் போகோணுமா வேண்டாமா?” என்பார். வாத்தியார் தலை குனிந்து போய் உட்காருவார். மேலதிகாரிகளிடம் புகார் போகும். அம்மா அதையெல்லாம் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. இனி அப்படி நடக்கக் கூடாது என்று பாய் மாமா இன்னொரு ஜோடிக் கட்டையும் செய்து கொடுத்திருந்தார். ஒன்று பூஜைக்கு, ஒன்று சக்கரத்துக்கு. அம்மா காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு ஜோடியும் சாமிக்கு முன்னால் இருந்தன! சக்கரத்தடியில் வெறுந்தரை. புதுக் கட்டைக்குப் பொட்டு வைத்துவிட்டுப் பழைய கட்டையை விட்டுவிட யாருக்கும் மனம் வரவில்லையாம். ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை, அதே இடம், அதே ஆட்கள். அம்மா பூஜைக்குள் புகுந்து ஒரு ஜோடியைத் தூக்கிவிட்டார்.

ஷெட் மேஸ்திரி பதறிப் போனார். “ஏனுங்கம்மணி, நல்ல நாளும் அதுவுமா பூசையில வெச்சத எடுத்தா எப்படீங்க? அதுவும் நீங்க...” என்று இழுத்தார். தாலி அறுத்தவள் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

“ஆமாங்க, நானேதான். வேற எதை வேணும்னாலும் வெச்சுக் கும்புடுங்க. இந்தக் கட்டைய மட்டும் தர மாட்டேன்.”

“சாமி கோவிச்சுக்கும்ங்க.”

“கோவிச்சுக்கட்டும்ங்க. எம்மேல கோவிச்சுக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, கட்டைகளைச் சக்கரத்தடியில் செருகி, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பாய் மாமாவிடம் போய் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் இழைப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “ரெண்டு செஞ்சா ரெண்டையும் கும்புடறாங்க, நாலு செஞ்சா நாலையும் கும்புடுவாங்க தங்கச்சி. கட்டைய இன்னும் எச்சாப் பண்ணி ஆகப்போறது ஒண்ணுமில்ல. ஆளு உக்காரோணும்” என்றார்.

அம்மா உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் விடிந்ததும் போய், ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பெட்டியின் சக்கரத்தோரம் உட்கார்ந்திருப்பார். எஞ்சின் வந்து கொக்கி விழுந்த பிறகுதான் எழுந்து கட்டையை எடுப்பார். பொரி, சுண்டல் எது கொடுத்தாலும் வாங்க மாட்டார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கிறுக்கு என்றார்கள். நல்ல நாளில் எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்று சில பெண்கள் சுற்றிப் போய் ஏறினார்கள். எனக்குக்கூட அவமானமாக இருந்தது. புருஷனைப் பறிகொடுத்த துக்கம் என்றுதான் நானும் நினைத்தேன்.

தம்பி அப்பாவின் முகம் அறியாமல் வளர்ந்தான். அறிந்ததெல்லாம் ஊர் சொன்ன அப்பாவைத்தான். வேலை பழகப் போன பட்டறையில் ஒரு போல்ட்டை முடுக்காமல் விட்டால்கூட, “கட்டைய மறந்தவன் மகன்தானே” என்பார்கள். இன்று கோயம்புத்தூர் கணபதிப் பகுதியில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். அங்கே சாமி படங்கள் உண்டு, அம்மாவின் படம் உண்டு, அப்பாவின் படம் கிடையாது. அமாவாசைக்குப் பேரூர் ஆற்றங்கரைக்குப் போய் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வா என்று அம்மா கெஞ்சுவார். “வேலை இருக்குதுங்கம்மா” என்று சொல்லிவிட்டு மிஷினைப் போட்டுவிடுவான். அந்தச் சத்தத்தில் அம்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். தம்பியின் மேல் அவர் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. எங்கள் வீட்டில் எதற்கெடுத்தாலும் வாய் போடுகிறவர் இதில் மட்டும் வாய் திறக்காதது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

போன வருடம் மூச்சு முட்டல் அதிகமாகிப் படுத்துவிட்டார். மருத்துவமனையில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மத்தியானம் கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்டபோது, “கண்ணு, கதவச் சாத்திப்போட்டு வந்து உக்காரு” என்றார். பேச்சுக்கு நடுவே நடுவே மூச்சு வாங்கியது. அவர் சொன்னது இதுதான்.

“அன்னைக்குச் சாமானெல்லாம் கழுவறது பொம்பளைங்க எங்க வேலை. எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாச்சு. நான் பெட்டிப் பக்கம் போனேன். கட்டை ரெண்டும் எண்ணெயும் அழுக்குமாக் கெடந்துது. உங்கப்பா தெனமும் தொடற சாமானாச்சே, அதுக்கு மட்டும் பொட்டு இல்லீன்னா எப்படீன்னு நெனச்சேன். பெட்டி பாட்டுக்கு நின்னுட்டுத்தான இருந்துது. இழுத்ததும் வந்துருச்சு. கொண்டுபோயித் தேச்சுக் கழுவி, மத்த எல்லாத்தையும் விட அதுக்குத்தான் கண்ணு பெரிய பொட்டா வெச்சேன்.”

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். பிறகு கேட்டேன். “ஏம்மா இத்தன வருசமாச் சொல்லல?”

“சொன்னா அந்தக் கொடி வேலைய எனக்குக் குடுத்திருப்பாங்களா? செத்தவருக்குப் பசிக்காது, உங்க ரெண்டு பேருத்துக்கும் பசிச்சுது. ஒரு வருசம் போகட்டும், தம்பி வளரட்டும்னு தள்ளிப் போட்டேன். தள்ளித் தள்ளிப் போட்டு, அவரு பேரு எம் மகன் வாயிலயே கெட்டுப் போச்சு. அவனப் போயிக் கும்புடச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்குது?”

கொஞ்ச நேரம் கழித்து, “எனக்கு நெனவுப் புஸ்தகம் போடுவீங்கல்ல? அதுல போட்டுரு. சொந்தபந்தம் அத்தன பேரும் பாக்கோணும். நாஞ்சொல்றபடியே போடு, மாத்தி அழகு பண்ணாத” என்று சொல்லி, எழுத வேண்டியதையும் சொன்னார்.

எனக்கு அம்மாவின் மேல் கோபம் வந்தது. சாகக் கிடக்கிறவர் மேல் கோபப்படக் கூடாது என்று தெரியும், ஆனாலும் வந்தது. பின்கட்டில் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று அழுதேன். அப்பாவை நினைத்து அழுதேனா, முக்காலி போட்டு உட்கார்ந்த அம்மாவை நினைத்து அழுதேனா என்று எனக்கே தெரியாது. உள்ளே வந்தபோது அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். பல நாளைக்குப் பிறகு வந்த நல்ல தூக்கம். அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. ஒரு விடியலில் என் கையைப் பிடித்தபடியே அடங்கிவிட்டார்.

இதை எழுதி முடித்ததும் முதலில் தம்பியிடம்தான் கொடுத்தேன். பட்டறையில் மிஷினை நிறுத்திவிட்டு நின்றபடியே படித்தான். காகிதத்தில் கிரீஸ் கறை பட்டுவிட்டது. “இத்தன நாள் அப்பா மேல கோவமா இருந்துட்டேன். இனி அந்தக் கோவத்த எடுத்து யாரு மேலக்கா வெக்கறது? அம்மா மேல வெக்க முடியுமா?” என்றான். “வேண்டாஞ்சாமி, யாரு மேலயும் வெக்க வேண்டாம்” என்று மட்டும் சொன்னேன். அச்சுக்குக் கொடுக்கச் சொன்னவன் அவன்தான். போன அமாவாசைக்குப் பேரூருக்குப் போய் வந்திருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. அவன் மனைவி சொல்லித்தான் தெரியும்.

இனி நன்றி. மூச்சு முட்டிய நாட்களில் அம்மாவை மாடிப்படியில் இறக்கித் தூக்கிச் சென்ற பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றி. முடியாத வயதிலும் கோட்டைமேட்டிலிருந்து வந்து சுடுகாட்டு வாசல் வரை கூடவே நடந்த பாய் மாமாவுக்கு நன்றி. அம்மா இறந்த பிறகு வந்த ஆயுத பூஜைக்கு நான் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். கட்டைகள் சக்கரத்தடியில் இருந்தன. பக்கத்தில் அம்மாவின் முக்காலியில், அன்று அவரோடு சண்டை போட்ட அதே மேஸ்திரி தலை நரைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். “யாராவது உக்காரோணும்ல கண்ணு” என்றார். அவருக்கும் நன்றி.

எங்கள் மூவரையும் ஆரம்பத்தில் தன் வீட்டில் வைத்துச் சோறு போட்ட பெரியப்பாவுக்கு நன்றி. உங்கள் சோற்றை நாங்கள் மறக்கவில்லை, உங்கள் பேச்சையும் மறக்கவில்லை. மற்ற உறவுகளுக்கும் இதையே சொல்கிறேன். அம்மா இருந்தவரை உங்கள் முன்னால் சொல்ல முடியாததை அவர் சொன்னபடியே, ஒரு எழுத்தும் மாற்றாமல் கீழே போட்டிருக்கிறேன். இனி எந்தப் பந்தியிலாவது அப்பாவின் பேச்சு வந்தால் இதைச் சொல்லுங்கள்.

“கட்டைய எடுத்தது நான். அவருக்குத் தெரியாது. அவரு வெச்சுட்டுத்தான் போனாரு.”